நெல்லிரசப் போத்தல்

நெல்லிக்காய் வாங்கி வீட்டில் காய்ச்சினால்தான் நெல்லிரசம் ருசி, இன்ஸ்பெக்டர். கடைப் போத்தலில் சீனி கூடிப்போகும். டிலக்ஷி குடித்தது நான் காய்ச்சியது.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரே ஆய்வுகூடத்தில் எனக்கும் அவளுக்கும் வேலை. மீன்குஞ்சின் மூளை வளரும்போது புதுக் கலங்களைப் பெற்றுப்போடும் மூலக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரிகிற கலத்துக்குள் ஏறி அடையாளமிடும் ஒரு மருந்தைக் குஞ்சுகளின் தண்ணீரில் கலப்போம். நாட்கள் கழிந்தும் அந்த அடையாளத்தோடு மறுபடி பிரிகிற கலமே மூலக்கலம். மூன்று வருடம் கண் நோக எண்ணினேன்.

குருநகர்ப் பிள்ளை டிலக்ஷி வந்து எட்டு மாதம்தான். நான் எண்ணிய கலங்களின் படங்களைப் பார்த்தாள்.

“உதயகலா அக்கா, உது மூலக்கலமில்லை. சாகிற கலமும் இந்த மருந்தைப் பிடிக்கும். வாற மாசக் கூட்டத்திலை சொல்லத்தான் வேணும்.”

அவள் சொன்னது சரி. அந்தக் கூட்டத்தில் சொன்னால் என் கலாநிதிப் பட்டம் போய்விடும்.

அதே கிழமை இன்னொன்றும் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்த மருந்தைத் தொடக்கூடாது, கருவுக்கு ஆகாது என்பது எங்கள் கூடத்துச் சட்டம்.

“மருந்து கலக்கிறதை மட்டும் நீங்கள் செய்யுங்கோ அக்கா. மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கும் தெரியாது.”

“ஓம், நான் பாக்கிறன்” என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை, மருந்தையும் நானே கலந்தேன்.

அவளுக்கு ஓயாத சத்தி, எதைத் தின்றாலும் வெளியில் வரும். நெல்லிரசம் மட்டுமே வயிற்றில் தங்கியது. ஒன்பது நாள், நாளுக்கொரு போத்தல். வளர்ந்த உடம்பில் பிரிகிற கலங்கள் குறைவு; அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று பார்த்துத்தான் அளவு போட்டேன். பத்தாம் நாள் இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யில்லை.

அவள் மாதக்கணக்கில் லீவில் நிற்க, கூட்டம் முடிந்தது. பட்டமும் கிடைத்தது.

போன கிழமை திரும்பி வந்தாள். நேற்று என் மேசைக்கு வந்து மெல்லச் சொன்னாள்.

“அக்கா, திரும்பவும் வயித்திலை தங்கியிருக்கு. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். அந்தப் படங்களையும் ரெண்டு பேருமாத் திருப்பி எண்ணுவம், என்ன?”

அதுதான் உங்களிடம் வந்தேன். நான் பாவி இல்லை, இன்ஸ்பெக்டர். பாவி என்றால் தானாக வந்து சொல்வாளா? எனக்கு அவளில் நல்ல பட்சம். வருகிற வழியில்தான் சுன்னாகத்தில் இறங்கி, அவளுக்கென்று இரண்டு கிலோ நெல்லிக்காய் வாங்கினேன்.