பேசாவிட்டால் பாதை காலி

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார், அதற்கு ஒரு கால் ஆடும். ஜன்னலோரம் இருப்பது நல்ல நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பக்கத்து அறையும் தெரியும், கட்டிலில் தம்பியும் தெரிவான். நீங்கள் வரப்போவதை அவனிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். முகம் மழித்து, தலை வாரி, நீலச் சட்டை போட்டுவிட்டிருக்கிறேன். பதினாறு மாதம் படுக்கையில் இருக்கிற உடம்பு. முதுகில் ஒரு புண் காட்டுங்கள் பார்ப்போம். நர்சே அசந்து போய்விட்டாள்.

அந்த ஒலிப்பதிவை இப்போது போட்டுக் காட்டினீர்கள். கேட்டேன். அதில் இருப்பது என் ரேடியோதான், என் மூச்சுதான். மறுக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு எதையும் நடுவிலிருந்து ஆரம்பித்துப் பழக்கமில்லை. உங்கள் பந்தயச் சங்கத்தில் எல்லோருக்கும் அவசரம். எனக்கு இல்லை. அடுத்து அவனைத் திருப்பிப் படுக்க வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

கார்ப் பந்தயம் என்றதும் ஜனங்கள் ராக்கெட் மாதிரி எதையோ நினைத்துக்கொள்கிறார்கள். தம்பி ஓட்டியது நம் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரிக் கார்தான். நான்கு கதவு, கூரை, டிக்கி. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புக் குழாயால் கூண்டு கட்டியிருப்பார்கள். கூண்டுக்குள் ஒரே ஒரு சீட். ஆறு பட்டை போட்டு ஆளை அதில் கட்ட வேண்டும். கழுத்து முறியாமலிருக்க ஹெல்மெட்டையும் தோளோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். அப்புறம் தலை திரும்பாது. பின்னால் பார்க்கிற கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். இருபத்து நான்கு கார் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் ஓட்டுகிறவன் பாதிக் குருடன். மிச்சக் கண் பந்தயப் பாதையோரக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நிற்கும், காதில் ரேடியோ, கையில் பைனாகுலரோடு. தம்பிக்குப் பதினான்கு வருடம் அந்தக் கண் நான்தான்.

நானும் ஓட்டியவன்தான். அதை யாரும் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் அணியில் ஒரு கார்தான் இருந்தது, நாங்கள் இரண்டு பேர். சீட்டை நான் அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அணி முதலாளி எங்கள் இருவரையும் ஓட்டவிட்டுப் பார்த்தார், அவன் கால் வினாடி முன்னால் வந்தான், அவன் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டினார், அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் ஒட்டுவதற்கு முன்பே நான் மனத்துக்குள் விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

முதல் சீசனில் நான் நிறையப் பேசினேன். வலப்பக்கம் ஒருத்தன், பின்னால் இரண்டு பேர், மெதுவாகப் போ, இப்போது போ என்று ஓயாமல். மூன்றாவது பந்தயம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டான்.

“அண்ணா, உன் வாய்க்கு ஒரு கும்பிடு. காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கு. ஆபத்து இருந்தா மட்டும் சொல்லு. நீ பேசலேன்னா ரோடு காலின்னு நான் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருப்பேன்.”

“ரேடியோ கெட்டுப்போயிட்டா?”

“நீ கெட்டுப்போகாம இருந்தா போதும்.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் விதி. மற்ற அணிகளில் விளையாட்டு வர்ணனை மாதிரி பேசித் தள்ளுவார்கள். எங்கள் அலைவரிசையில் ஒரு சத்தம் இருக்காது. “அண்ணனுக்கும் தம்பிக்கும் மறுபடியும் சண்டை போலிருக்கு” என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். அந்த நிசப்தத்தில் எவ்வளவு பெரிய நம்பிக்கை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு மேடு வரும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. நான் சும்மா இருப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பான். எந்த மனிதனாவது இன்னொரு மனிதனை அப்படி நம்பி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இரண்டு முறை சாம்பியன் ஆனான். ஒரு பேட்டியில், “எங்கண்ணன் வாயைத் திறக்காமலே ரெண்டு கோப்பை வாங்கிக் கொடுத்துட்டார்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மற்றபடி என் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓட்டல் அறை, மொட்டை மாடி, மறுபடி ஓட்டல் அறை. ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். பந்தய நாளில் நிச்சயம் வைத்தார்கள். நான் போகவில்லை. அவர்களும் அதற்குப் பிறகு வரவில்லை. தம்பி கல்யாணம் செய்துகொண்டான். அவன் மனைவி நல்லவள்தான், கொஞ்சம் பேசுவாள். எனக்கு வெளியே போக ஒரு கதவும் இல்லாமல் இருந்தது சார், நான் தேடவும் இல்லை. அவன் காருக்குள் கட்டுண்டு கிடந்தான், நான் அவன் காதுக்குள் கட்டுண்டு கிடந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அன்று சீசனின் கடைசிப் பந்தயம். காலையில் அணி வண்டிக்குள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

“அண்ணா, அடுத்த வருஷம் பெரிய டீமுக்குப் போறேன். கையெழுத்துப் போட்டாச்சு.”

“ரொம்ப சந்தோஷம்டா. நான் எப்ப வரணும்?”

கட்டின லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“அவங்ககிட்ட ஆள் இருக்கு அண்ணா. அவங்க முறையே வேற. ஓட்டம் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்காங்க. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்பப் பழகிடுச்சு.”

“எத்தனை நாளா பழகுற?”

“ரெண்டு மாசமா.” பிறகு என் தோளில் கை வைத்தான். “நீயும் எத்தனை வருஷம்தான் வெயில்ல நிப்ப? போதும்ணா. ரெஸ்ட் எடு.”

நான் ஓய்வு கேட்டேனா? ஒரு நாளாவது கால் வலிக்கிறது என்று சொன்னேனா? இரண்டு மாதம் இன்னொரு குரலைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு, ராத்திரி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அன்றும் பட்டையை நான்தான் மாட்டினேன். “இன்னும் கொஞ்சம் இழு” என்றான். இழுத்தேன்.

ஒன்பதாவது சுற்று. ஏழாவது வளைவு ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மாடியிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும், ஓட்டுகிறவனுக்கு மேடு மட்டும்தான் தெரியும். ஒரு வெள்ளைக் கார் அங்கே சறுக்கிச் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றது. தம்பி மேட்டுக்கு வர ஆறு வினாடி இருந்தது. கொடிக்காரர் மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் மஞ்சள் கொடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து காட்ட அதைவிட அதிக நேரம் ஆகும். எனக்கு ரேடியோ பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பேசினால் போதும்.

அமுக்கினேன். அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் பேச்சைத் தேடினார், பேச்சு இல்லை என்றதும் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பேச்சு இல்லாத இடத்தையும் கேட்டுப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு வினாடி பட்டன் அமுங்கியிருக்கிறது. காற்றுச் சத்தம், கீழே கூட்டத்தின் சத்தம், என் மூச்சு. பிறகு விட்டுவிட்டேன்.

அது போதாதென்று அவன் பெடலை மிதித்ததும் விட்டதும் காரில் பதிவான கோடுகளையும் கொண்டு வந்து விரித்தீர்கள். இந்தத் தாளை நான் இன்றுதான் பார்க்கிறேன். ‘டிக்’ என்று சத்தம் கேட்டதும் அவன் காலைப் பெடலிலிருந்து எடுத்திருக்கிறான். அண்ணன் ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருக்கிறான். வார்த்தை வரவில்லை. மறுபடி முழுதாக மிதித்திருக்கிறான். கோடு எவ்வளவு நேராக ஏறுகிறது பாருங்கள். இரண்டு மாதம் வேறு குரலோடு பழகியவன்தான், ஆனாலும் கடைசியில் என்னைத்தான் நம்பியிருக்கிறான். இதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பதற்றத்தில் நாக்கு எழவில்லை என்று சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடலாம். அப்படியில்லை. ‘நிறுத்து’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆறு வினாடி எங்கள் தொழிலில் நீளமான நேரம். நான் நிதானமாகவே யோசித்தேன். ஒரு கால் முறியும், ஆறு மாதம் படுப்பான், பெரிய அணி காத்திருக்காது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும், இவன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவனைக் கொல்ல நினைக்கவில்லை. வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி போய் மோதியபோது வெள்ளைக் காரில் இருந்தவர் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். வருத்தம்தான். ஆனால் அவரைச் சறுக்கச் சொன்னது நானில்லை.

தம்பிக்குக் கால் முறியவில்லை. மண்டைக்குள், பின்பக்கம், ரத்தம் கட்டிக்கொண்டது. இப்போது கண்ணிமை மட்டும் அசையும். “புத்தி நூத்துக்கு நூறு தெளிவா இருக்குங்க. எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. உள்ளே மாட்டிக்கிட்டிருக்கார், அவ்வளவுதான்” என்றார் டாக்டர். அவ்வளவுதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

எனக்கு அது பழகின வேலை. சீட்டில் உட்கார வைப்பேன், பட்டை கட்டுவேன், தலை சாயாமல் தாங்கு கொடுப்பேன். அவனுக்கு முன்னால் தெரிவது மட்டும் தெரியும். மிச்சத்தை நான் பார்த்துச் சொல்வேன். அவன் மனைவி முதலில் இங்கேதான் இருந்தாள். அவள் வந்தால் அவன் கண்ணில் நீர் வழியும். அவனுக்கு நல்லதில்லை என்று எடுத்துச் சொன்னேன். இப்போது அவள் தாய் வீட்டில் இருக்கிறாள். போன் செய்வாள். தூங்குகிறான் என்பேன்.

பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் எழுத்துப் பலகை ஒன்று கொண்டு வந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினால் வேண்டிய எழுத்தில் இமையை மூட வேண்டும். ஒரு மணி நேரம் பாடுபட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். ‘ஏன்’ என்று.

“என்ன ஏன்னு கேக்கறார்?” என்றார் அந்த அம்மா.

“களைப்பா இருக்கான். இன்னைக்கு இது போதும்” என்றேன். பலகை அந்த அலமாரிக்கு மேலே இருக்கிறது. பிறகு எடுக்கவில்லை. பதினான்கு வருடம் பேச்சில்லாமல் ஓட்டியவர்களுக்குப் பலகை எதற்கு?

என்னை அழைத்துப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவனையும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டும் என்கிறீர்களே, அதுதான் தப்பு. வேறு யாருக்கு அவனைத் தெரியும்? பலகையை எடுக்க நாற்காலியை இழுக்காதீர்கள் சார், அதற்குத்தான் கால் ஆடும் என்றேனே. பலகை வேண்டாம். நானே கேட்டுச் சொல்கிறேன்.

“தம்பி, இவங்ககூடப் போறியாடா? இல்ல, அண்ணன்கிட்டயே இருக்கியா?”

இமை அடித்துக்கொள்கிறது என்கிறீர்கள். அது ஒன்றுமில்லை. யார் வந்தாலும் அப்படித்தான் விடாமல் அடிக்கும், கண் உலர்ந்து போகிறது. இரண்டு சொட்டு மருந்து விட்டு இமையை மூடி ஒட்டிவிட்டால் அடங்கிவிடும்.

பார்த்தீர்களா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான் சார்.