மொட்டைத்தலை டீச்சர்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் என் எதிரே கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எம் பொண்ணுக்கு மொட்டைத்தல டீச்சர் வந்துக்குதுக்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"ரோபோக்கா. காலேஜ் பசங்க செஞ்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்தாங்க, கணக்கு சொல்லித் தருது. மருந்தால முடி கொட்னதுலேர்ந்து அவ யாரு முன்னாடியும் துப்பட்டாவ எடுக்கல. இதுக்கும் முடி இல்லன்னு பாத்துட்டு, கழட்டிப் போட்டு கிட்டப் போய் குந்திக்கினா."

"படிக்கிறாளா?"

"அதுக்குப் பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் தெரியுமாம். மிச்சத்தக் கத்துக்க ஸ்கூலுக்கு எப்ப போலாம்னு டாக்டரையே கேட்டுட்டா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஜூன்ல போலாம்னாரு."

சிரிக்கத் தொடங்கியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யூனிபாரம் தைக்கக் குடுத்துட்டுதான்கா வரேன்."