டாக்டர் முன்னால் ஒப்பித்தது

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகும் பேருந்து. என் முன் இருக்கையில் ஒரு தகப்பனும் கல்லூரியில் படிக்கும் மகளும், அவர்களுக்கு நடுவே ஒரு பையும். ஏழு பேர் நின்றுகொண்டு வரும்போது பைக்கு ஓர் இடமா என்று நான் எரிச்சலில் இருந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்:

“டாக்டர்கிட்ட ஏன்த்தா அவ்வளவு நல்லாப் படிச்ச?”

“போன வருஷம் மாட்டியிருந்த அதே எழுத்துப் பலகைதான்ப்பா. மனப்பாடமா இருந்துச்சு, சொல்லிட்டேன்.”

“கண்ணு இன்னும் மங்கிருச்சுன்னு காட்டத்தானே போனோம்? சர்டிபிகேட்ல பார்வைக் கொறைபாட்டுச் சதவீதம் கூடுனாத்தான் உதவிப்பணத்தக் கூட்டித் தருவோம்னு காலேஜ்ல சொன்னாங்க. அது இல்லாம, பாடத்த வாசிச்சுச் சொல்ல ஆளு எப்புடி வைக்கிறது?”

மகள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

“பழைய சதவீதத்தையே போட்டுக் குடுத்துட்டாரு. சின்னப் புள்ளையில பாட்டு ஒப்பிக்கச் சொன்னா ஒரு வரி வராது ஒனக்கு. இது மட்டும் எப்புடி வந்துச்சு?”

“நீங்க பக்கத்துல நின்னீங்க. போன வருஷம் ரெண்டு வரி தெரியலன்னதுக்கே வராண்டாவுல போயி அழுதீங்க. எனக்குக் கேட்டுச்சு.”

நடத்துனர் வந்து சீட்டு கொடுத்துவிட்டுப் போன பிறகும் தகப்பனின் கை நீட்டியபடியே இருந்தது.

“மறுபடி மனு எழுதிக் குடுப்போம். அடுத்த தடவ நான் உள்ள வரல. வாசல்லயே நின்னுக்கிறேன்த்தா.”

“அப்ப டாக்டர் நாற்காலி வரைக்கும் என்னைய யாருப்பா கூட்டிட்டுப் போறது?”