னகரத்தின் மேல் ஒரு புள்ளி

மின்சாதனக் கடைக்குச் சின்னம் வரைவது எளிது என்று பலரும் எண்ணுகிறார்கள், ஐயா. ஒரு பல்பு, ஒரு மின்னல் கீற்று, ஒரு பிளக்கின் வால், தீர்ந்தது. எங்கள் தெருவில் மட்டும் நான்கு கடைகளுக்கு மின்னல்தான் சின்னம். ஒன்றிலாவது இடி விழவில்லையே என்பதுதான் வியப்பு.

நீங்கள் அமைதியாகக் கேட்கிறீர்கள். நானும் அமைதியாகச் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

கடை என் தங்கையின் கணவருடையது. மின்விசிறி, மிக்சி, சலவை இயந்திரம், குளிர்பெட்டி எல்லாம் விற்பார்கள். பெயர் 'மின்'. வைத்தவன் நான். நல்ல சின்னம் நல்ல வெண்பாவைப் போன்றது: ஓர் அசையை உருவினாலும் தளை தட்ட வேண்டும். சாலைக்கு அப்பாலிருந்து வருபவன் கண்ணிலும் பட வேண்டும். சலவை இயந்திரத்தின் மூலையில் ஒட்டுகிற சிறு வில்லையிலும் சிதையாமல் நிற்க வேண்டும். வரைந்தவனின் பெயர் மட்டும் எங்கும் இருக்கக் கூடாது. எத்தனையோ பழம்பாடல்கள், பாடியவர் இன்னார் என்று தெரியாமலே நம்மை வாழ்விக்கின்றன. எனக்கும் அதுவே நெறி.

விடியலில் துதிப்பாடல் ஓதிய நாவோடுதான் நான் வரைபலகையின் முன் அமர்வேன். இறைவனைச் சோதியே என்று விளிக்கும் ஓர் அடியில் நாத் தங்கிய காலையில்தான் அது புலப்பட்டது. படமே வேண்டாம், எழுத்திலேயே விளக்கு இருக்கிறது. னகரத்தின் தலையில் இருக்கும் புள்ளி. இரண்டெழுத்தையும் கறுப்புத் தகட்டில் வெட்டினேன். புள்ளியை மட்டும் கனத்த எஃகு உருண்டையாக வார்ப்பித்து, அதன் முகத்தில் விளக்கைப் பொருத்தினேன். அந்தியில் முதலில் அது சுடரும். பிறகே எழுத்துகள் தோன்றும்.

"மச்சான், சாமியே வந்து உக்காந்த மாதிரி இருக்கு," என்றார் மாப்பிள்ளை அன்று. அவர் கெட்டவர் அல்லர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னர் இரண்டாவது கடை திறக்கும் ஏற்பாடு நடந்தது. அதற்குப் புதுப் பலகை. அதைப் போலவே பழையதையும் திருத்துவதென்று முடிவு செய்திருந்தார்கள். திருத்தம் ஒன்றுதான்: புள்ளி இராது. நான் போனபோது பட்டப்பகல். இறக்கிய பலகையைக் குளிர்பெட்டி அட்டைகளின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். தங்கை ரசீது மேசையில் இருந்தாள். பலகையை இறக்கிய ஏணிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளிய எடுத்தா 'மின'ன்னு ஆயிடும், மாப்பிள்ளை. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது."

"உங்களத் தவிர எல்லாரும் மின்னுன்னுதான் படிப்பாங்க. ஃபேன் வாங்க வர்றவன் இலக்கணமா பாக்கப் போறான்?"

"விடுங்களேண்ணா. தலைமேல ஈ உக்காந்த மாதிரிதானே இருக்கு," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை குந்தி அமர்ந்து, திருகாணிகளைத் தாமே கழற்றினார். உருண்டையை என் கையில் தந்தார்.

"இந்தாங்க, வீட்டுல வச்சுக் கும்பிடுங்க. புள்ளியும் பெருசு, வச்சவருக்கும் தான் பெரிய புள்ளின்னு நெனப்பு."

ஏணிக்காரர் சிரித்தார். தங்கை சிரித்தாள். நல்ல சிலேடை, நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை.

உயிரும் மெய்யும் கூடி நிற்பது உயிர்மெய். அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உயிர் நீங்கும், மெய் எஞ்சும். முதல் வகுப்புப் பாடம். மாப்பிள்ளை அதை மறந்திருந்தார். புள்ளி இருந்த தாங்கியையும் கழற்ற மீண்டும் குனிந்திருந்தார். உச்சியில் வைத்தேன்.

யாக்கை நிலையாதது என்னும் பாட்டுகளை நாளும் ஓதுகிறவன் நான். அது உடையும் ஓசையை அன்றுதான் கேட்டேன். ஈரமான ஓசை. அவர் நிமிர்ந்து பார்த்து, "மச்சான்" என்றார், முறை தவறாமல். இரண்டாவதை நெற்றியில் வைத்தேன். ஏணிக்காரர் ஏணியைப் போட்டுவிட்டு ஓடினார். தங்கை பாய்ந்து வந்து, கணவரின் தலையைத் தன் கையால் மூடினாள். மூன்றாவது அந்தக் கையோடு சேர்ந்து இறங்கியது. விரல்கள் நொறுங்கிவிட்டன என்கிறீர்கள். எழுதும்போது குறுக்கே கை வைக்கலாகாது. அவளுக்கு அகரம் பழக்கியவனே நான், அன்றே சொல்லியிருக்கிறேன்.

மூன்று புள்ளி கூடினால் ஆய்தம். எஃகு என்னும் சொல்லின் நடுவில் இருப்பது அதுதான்.

பிறகு உருண்டையைச் சட்டையால் துடைத்து, அதற்குரிய இடத்தில் மீண்டும் திருகினேன். தங்கை அலறிக்கொண்டிருந்தாள், ஆயினும் ஒரு திருகாணியைக்கூட நான் விடவில்லை. நீங்கள் வந்து நின்றபோது பலகையில் பிழையில்லை. உங்கள் காவலர் ஒருவர் 'மின்' என்று வாய்விட்டு வாசித்தார். அது எனக்குப் போதுமாயிருந்தது.

மாப்பிள்ளையைக் கொன்றவன் நான்தான். மொழிக்காகச் செய்தேன்; எனக்கென்று அதில் எதுவும் இல்லை.

உருண்டையைப் பிரித்துப் பார்த்தீர்களாமே. ஆம், விளக்குக்குப் பின்னால் உட்புறத்தில் பொறித்திருப்பது என் பெயர்தான். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, ஐயா.