குழாய்வாயில் உள்ளங்கை வைத்துப் பார்த்த அக்காவுக்கு

சுகாதாரத் துறை வண்டிப் பட்டறையின் தலைமை மெக்கானிக்காய்த் தலைநிமிர்ந்து நின்ற தகைமையாளரே! கிரீஸ் படிந்த கையாலும் கிண்டல் கலந்த பேச்சாலும் எங்களைக் கட்டி மேய்த்த கண்ணியமிக்கவரே! எந்த வண்டி வந்து நின்றாலும் கருவியை எடுக்குமுன் கேள்வியை எடுத்ததால் "ஏனக்கா" என்றே ஊழியர் அனைவராலும் அழைக்கப்பட்ட எங்கள் அன்பு அக்காவே! வணக்கம், வாழ்த்து, கொஞ்சம் பயம், இம்மூன்றையும் சேர்த்து, நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் இம்மடலை உங்கள் முன் வைக்கிறோம்.

பயம் ஏன் என்று இப்போதே கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறோம். மடல் எழுதும் பொறுப்பு ஸ்டோர் கீப்பராகிய என் தலையில் விழுந்தது. "நீதான் நல்லாத் தமிழ் பேசுவ, எழுது" என்று வெல்டர் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பில்ட்டரும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற கையால் பாமாலை தொடுப்பது சும்மாவா? பிழை இருந்தால் வெல்டரைத் திட்டுங்கள்.

பழுதான வண்டியைச் சரிசெய்வோர் பலர் உண்டு. சரியான வண்டியைப் பார்த்து, "ஏன் சரியாச்சு?" என்று சந்தேகப்பட்டவர் நீங்கள் ஒருவரே! சத்தம் நின்றுவிட்டதென்று நாங்கள் சந்தோஷப்பட்டு டீக்குக் கிளம்பினால், "ஏன் நின்னுச்சுன்னு தெரியாத வண்டி இன்னும் ரிப்பேர்தான்" என்று மறித்து நிற்பீர்கள். எத்தனை டீ ஆறிப்போயிற்று என்பதை இந்த நல்ல நாளில் சொல்லிக்காட்ட வேண்டாமென்று விட்டுவிடுகிறோம்.

உங்கள் பெருமைகளை ஒவ்வொன்றாய் அடுக்கினால் விழா முடியாது. ஆகவே, வாசலில் நிற்கும் ஒரே ஒரு வண்டியைச் சாட்சிக்கு அழைக்கிறோம்: நாமெல்லாம் "தாத்தா" என்று கூப்பிடும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்தப் பழைய டீசல் ஜீப். நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு பாலமில்லாத ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போக நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். முன்னொரு காலத்தில் அது நடு ஆற்றில் தண்ணீரைக் குடித்து நின்றபோது, எஞ்சின் காற்றிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் குழாய் பொருத்தியவர் நீங்கள்தான். அந்தக் குழாயைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். நாங்களும் எங்கள் சொந்த மூக்கைப் போல அதைக் காட்டிப் பெருமையடித்தோம்.

அந்தப் பெருமைதான் நம் கண்ணை மறைத்தது. இந்த ஆண்டு தாத்தா மேட்டில் இருமினார், கறுப்புப் புகை கக்கினார், எஞ்சின் ஆயிலை மடமடவென்று குடித்தார். ஓட்டுநர் அண்ணன் வந்து முறையிட்டபோதெல்லாம் நாங்கள் நிமிர்ந்து குழாயைப் பார்த்தோம். அது அழகாய் நின்றது. ஆகவே காற்றில் குறையில்லை என்று முடிவுகட்டி, டீசல் பம்ப்பைக் கழற்ற ஸ்பானரோடு கூடினோம். இனி ஒருமுறை படுத்தால் ஏலம்தான், மாற்று வண்டி கிடையாது என்று மேலிடமும் சொல்லிவிட்டது. "இது போச்சுன்னா அந்தக் கரைப் பிள்ளைங்களுக்கு ஊசி போட நான் நீந்தியா போறது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"நில்லுங்கப்பா," என்றீர்கள் நீங்கள். "பம்ப்பு எங்கயும் ஓடிடாது. முதல்ல இவரு எங்கேர்ந்து மூச்சு வாங்குறாருன்னு பாப்போம்." எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினீர்கள். வேறு வழியில் காற்று போகாவிட்டால் எஞ்சின் மூச்சுமுட்டி நின்றாக வேண்டும். தாத்தாவோ எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தார்! எங்களுக்கு முகம் செத்துவிட்டது. உங்களுக்கோ, அடேயப்பா, முகமெல்லாம் சிரிப்பு. "திருட்டு வழி வச்சிருக்காருடா!" என்று குதித்து இறங்கினீர்கள்.

தையல் நூலில் ஒரு துண்டை விரலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காட்டிக்கொண்டே போனீர்கள். நூல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் வந்ததும் நூல் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு வெடிப்பு. காற்றை வடிகட்டும் பில்ட்டர் டப்பாவின் அடியில், தூசியும் நீரும் வடிவதற்கென்று வைத்த சின்ன ரப்பர் வாயருகே போனதும் நூலே உள்ளே போயிற்று! அந்த ரப்பர் காய்ந்து விறைத்து வாயைப் பிளந்து கிடந்தது. கூரை உயரத்தில் குழாய் வைத்த நாம், முழங்கால் உயரத்தில் ஓட்டையை விட்டிருந்தோம். தெருப்புழுதி முழுவதும் அவ்வழியே எஞ்சினுக்குள் போயிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் அதுவும் போயிருக்கும். "நான் மாட்டின குழாய்தான். அதுக்கப்புறம் ஒரு தடவையாவது நான் குனிஞ்சு பாத்தேனா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்காகவே உங்களை எங்களுக்குப் பிடிக்கும் அக்கா.

அடுத்த நொடி நீங்கள் செய்ததுதான் கொடுமை. "இந்த வேலைய நீங்க செய்ங்க. நான் கேள்வி மட்டும் கேக்குறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டீர்கள். தாத்தாவின் வயதுக்கு ஹோஸ் எந்தக் கடையிலும் இல்லை. நான் அலைந்து திரிந்து ஒரு லாரியின் சிலிக்கான் ஹோஸைக் கொண்டுவந்தேன். அளவு ஒத்துவராமல், இடையில் தகட்டுக் குழல் செய்து கிளாம்ப் போட்டோம். வெல்டர் பில்ட்டர் டப்பாவுக்குப் புது அடிப்பாகமும், காற்று நுழையும் இடத்தில் நெளிவான ஒரு வளைவும் அமைத்தார். "ஏன் இந்த வளைவு?" என்றீர்கள். "அழகா இருக்குமேன்னு..." என்று இழுத்தார். "காத்துக்கு அழகு தெரியுமாப்பா?" அவ்வளவுதான், வளைவு போய் நேர்வழி வந்தது. வெல்டர் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை என்பதும், மூன்றாம் நாள் அவரே வந்து "இந்த வடியுற வாய்க்கு ஏன்க்கா தடிச்ச ரப்பர்?" என்று உங்களைத் திருப்பிக் கேட்டதும் வரலாறு!

இப்போது பயத்துக்கு வருகிறோம். நாளை தாத்தாவைச் சோதிக்க அதிகாரி வருகிறார். தேறினால் ஆறு, தோற்றால் ஏலம். வேலை நேற்றே முடிந்தும், எஞ்சினை ஓடவிட்டுக் குழாயை நாங்கள் யாரும் பொத்திப் பார்க்கவில்லை. ஆசை இல்லாமலா? வெல்டரின் கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறோம். உங்களுக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கலாமென்றால், அதையும் கழற்றிப் பார்ப்பீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். ஆகவே எங்கள் அன்பளிப்பு வாசலில் நிற்கிறது. இம்மடலை வாசித்து முடித்ததும் வந்து ஸ்டூலில் ஏறுங்கள். உங்கள் உள்ளங்கை சொல்லட்டும், நாங்கள் கற்றோமா இல்லையா என்று. எஞ்சின் நிற்காவிட்டால், மன்னிக்கவும் அக்கா, உங்கள் ஓய்வு இன்றிரவு தொடங்காது.

நீங்கள் நோயின்றி, நொடியின்றி, கேட்க ஆயிரம் கேள்வியும் அதைக் கேட்டுத் தொலைக்கப் பொறுமையுள்ள வீட்டுக்காரருமாய், நீண்ட நெடுங்காலம் நிறைவாய் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்! நாளை காலை நீங்கள் இல்லாத பட்டறைக்குள் நுழைய எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

என்றும் உங்கள் கேள்விக்கு அஞ்சும்,
பட்டறை ஊழியர்கள்

இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்குமுன் ஸ்டோர் கீப்பர் சேர்த்தது: அதிகாரி வந்து பார்த்துவிட்டார். தாத்தா நர்ஸம்மாவோடு அக்கரை போய்த் திரும்பியும் விட்டார். ஆனால் சட்டத்துக்குள் இருக்க வேண்டியது விழா நாள் மாலை நடந்ததுதான். நீங்கள் குழாயைப் பொத்தினீர்கள். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நாங்கள் கை தட்டினோம். நீங்கள் கையை எடுக்காமலே, "இருங்க. ஏன் நின்னுச்சு? சொல்லிட்டுத் தட்டுங்க" என்றீர்கள். "வேற வழியே இல்லக்கா, எல்லாத்தையும் அடைச்சுட்டோம்" என்றார் வெல்டர். "கீழ பாத்தீங்களா?" "குனிஞ்சு பாத்துட்டோம்க்கா." அதன்பிறகுதான் இறங்கினீர்கள். இறங்கி, தாத்தாவின் கதவில் சாய்ந்துகொண்டு அழுதீர்கள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.