இரும்புப் பாலத்தில் எட்டுப் பலகை

ஓடுகிறோம். பின்னால் எங்கள் வரிசை வீடுகளான லயம் எரிகிறது. கூரைத் தகரம் வெடிக்கும் சத்தம். டப். டப். வந்தவர்களின் லொறி இன்னும் லயத்தடியில்தான் நிற்கிறது. இஞ்சினை அணைக்கவில்லை. அந்த உறுமலும் கேட்கிறது.

1983 ஜூலை. புதன்கிழமை. பகல் இரண்டரை மணி. பதுளை டவுன் காலையிலேயே பற்றியெரிந்தது. தமிழர் வீடுகளைக் கொளுத்திய கும்பல் மத்தியானம் தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது.

நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் பிட்டர், மெஷின் பழுதுபார்ப்பவன். செங்குத்தான பள்ளத்தில் ஓடும் ஆற்றின்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். நீளவாக்கில் இரண்டு இரும்பு உத்தரங்கள். மேலே குறுக்காகப் பலகைகள், போல்ட் போட்டு முறுக்கியவை. அவற்றை முறுக்குவதும் என் வேலைதான்.

பாலத்தைக் கடந்தோம். கடந்ததும் கங்காணி கத்துகிறார்.

“டேய் பிட்டரு! பலகையக் கழட்டு! லொறி இந்தப் பக்கம் வந்திரும்!”

“எல்லாரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு! கழட்டுடா!”

யார் பதில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. நான் தலைகளை எண்ணவில்லை.

நடுவில் எட்டுப் பலகை. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். இரண்டு போல்ட் துருவேறி இறுகியிருந்தன. இடுப்புப் பையிலிருந்த சுத்தியலால் அடித்து உடைத்தேன். ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் இல்லை. தள்ளிய பலகைகள் பாறையில் விழுந்து பிளந்தன.

எட்டாவது பலகை விழுகிறது. எதிர்க்கரையில் பாக்கியம் நிற்கிறாள்.

பிள்ளைக்காம்பராவின் ஆயா அவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அவளிடம் விட்டுப்போவார்கள். இடுப்பில் ஒன்று. கையில் பிடித்தபடி ஒன்று. அவள் முன்னாலேயே போய்விட்டாள் என்று நம்பித்தான் தாய்மார் ஓடிவந்திருந்தார்கள்.

“அண்ணே! என்ன வேல செஞ்சிட்டீங்க!”

பெரிய பிள்ளையைக் கரையில் உட்காரவைத்தாள். சின்னதோடு வெறும் உத்தரத்தில் ஏறினாள். உத்தரம் ஒரு சாண் அகலம். காற்று தள்ளுகிறது. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாள். நானும் எதிரே நகர்ந்து போய்க் குழந்தையை வாங்கினேன். கைக்குக் கை மாறி அது கரை சேர்ந்தது.

“நீ வந்திரு பாக்கியம்! லொறி கெளம்பிருச்சு!”

“அந்தப் புள்ளைய விட்டுட்டா?”

திரும்பிப் போனாள். தூக்கினாள். அவள் மறுபடியும் உத்தரத்தில் ஏறியபோது லொறி பாலத்து முனையில் வந்து நின்றது. கதவு அறையும் சத்தம். கற்கள் பறந்தன. இரும்பில் பட்டு ணங். ணங். பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

அடுத்த கல் அவள் நெற்றியில் பட்டது. பலகைகள் கிடந்த அதே பாறையில் விழுந்தாள்.

உத்தரத்தில் கால்வைக்க அவர்களில் ஒருவரும் துணியவில்லை. கொஞ்சநேரம் கூச்சல் போட்டார்கள். பிறகு போய்விட்டார்கள். எங்கள் கரையில் நாற்பத்தொரு பேர் உயிரோடு இருந்தோம், அந்த இரண்டு குழந்தைகளையும் சேர்த்து.

போனவை: லயத்தில் பன்னிரண்டு காம்பரா வீடுகள். ஒன்பது குடும்பங்களின் பிரஜாவுரிமைப் பத்திரங்கள். ஒரு பசு, கன்றோடு. பாக்கியம், வயது முப்பத்து நான்கு.

அகதி முகாமில் ஒருவர் செத்தவர்களின் பட்டியல் எழுதினார். பாக்கியம் எப்படிச் செத்தாள் என்று கேட்டார். கல்லடி என்றார்கள் மற்றவர்கள். பலகையைக் கழற்றியதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுதவில்லை.