ஃபீபாவை விற்ற பொய்

இந்த மரத்தடியில் இவ்வாண்டு அடிமைகளாகிய நாம் நமக்கென்று கைதூக்கித் தேர்ந்தெடுத்த நம் ஆளுநர் குவாக்கோ அவர்களே! விலைக்கு விற்கப்பட்டும் விறைப்புக் குறையாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! எஜமானியின் பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டு ஈர மார்போடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நியூபோர்ட் நகரத்து உறவுகளே! டில்லட்சன் மாலுமி வீட்டுச் சமையல்காரி சிப்போராவின் வணக்கம்.

நம்மில் யாரையும் இந்த மாகாணத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்று சட்டமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பம் அதோ மேசைமேல் கிடக்கிறது. காலையிலிருந்து ஒரு கைநாட்டுகூட விழவில்லை. ஏன்? "எங்க எஜமான் தங்கமானவரு, எங்கள விக்கமாட்டாரு" என்கிறார் ஒருவர். "பக்கத்து வீட்டு அடிமைப் பொண்ணு பட்டுத் துணியில மினுக்கிக்கிட்டுத் திரியறா, அவளுக்காக நான் எதுக்கு வைக்கணும்?" என்கிறார் இன்னொருவர்.

சிரிக்காதீர்கள் அம்மா, அந்தப் பொறாமையை நான் அறிவேன். வயிற்றில் வைத்து வளர்த்தவள் நான்.

ஆளுநர் அவர்களே, நான் சொல்லப்போவது உங்கள் மனைவி ஃபீபாவின் கதை. நீங்கள் அறியாத பாதி என்னிடம் இருக்கிறது.

எட்டு ஆண்டுகள் அந்த வீடு என் கையால் உண்டது. ஒன்பதாம் ஆண்டு ஃபீபாவை வாங்கி வந்தார்கள். அவள் ஒரு சோள அடை சுட்டாள். எஜமானி என் பெயரையே மறந்தாள்! என் கஞ்சி கசந்தது, அவள் கஞ்சி இனித்தது. நீலச் சால்வை யாருக்கு? அவளுக்கு. அடுப்பங்கரையில் கதகதப்பான மூலை யாருக்கு? அவளுக்கு. ஞாயிறுதோறும் வேறொரு எஜமான் வீட்டிலிருந்து கூடை நிறையச் சிப்பியோடு பின்வாசலில் வந்து நின்ற இந்தக் குவாக்கோ யாருக்கு? அவளுக்கு! எனக்கென்று தட்ட ஒரு கதவு உண்டா? எரிந்தேன். அவள் சிரித்தால் எரிந்தேன், அவள் பாடினால் எரிந்தேன், "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள், அதற்கும் எரிந்தேன்!

ஒருநாள் தெற்கே தொலைவிலுள்ள கரோலினா மாகாணத்து நெல்வயல்காரன் ஒருவன் ஆள் வாங்க வந்தான். தட்டோடு கதவருகே நின்ற என் காதில் எஜமானியின் குரல் விழுந்தது: "ஃபீபா இருக்கட்டும். சிப்போராவக் குடுத்துடலாம்."

அவன் வெளியே போனதும் உள்ளே நுழைந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். ஃபீபாவும் அவ புருஷனும் ஓடிப்போகத் திட்டம் போட்டிருக்காங்க."

"நெசமாவா?"

"என் காதாலேயே கேட்டேன்மா."

பொய்! முழுப் பொய்! மறுநாள் காலை ஃபீபாவின் கையைக் கட்டித் துறைக்கு இழுத்துப் போனார்கள். ஏன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. படகில் ஏறும்போது அவள் என்னைத் தேடினாள்.

"சிப்போராக்கா! ஞாயித்துக்கிழமை அவரு வருவாரு. வாசல்லயே நிக்க வச்சிராதீங்க. உள்ள கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்க. பசியோட அனுப்பிராதீங்க!"

ஞாயிறு வந்தது. நீங்களும் வந்தீர்கள், ஆளுநர் அவர்களே. "ஃபீபா எங்க?" என்றீர்கள். "வித்துட்டாங்க" என்றேன். யார் காரணம் என்பதை மறைத்துவிட்டேன். அன்று தொடங்கி ஒன்பது ஆண்டுகள்!

என்ன? "கல்லால அடிங்க இவள" என்கிறாயா தம்பி? அடி. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேள். எங்கள் இருவருக்கும் விடுதலை இருந்திருந்தால் என் பொய் என்ன செய்திருக்கும்? கிணற்றடியில் ஒரு சண்டை மூட்டியிருக்கும். அவள் என் முடியைப் பிடித்திருப்பாள், நான் அவள் சால்வையைக் கிழித்திருப்பேன். மூன்றாம் நாள் இருவரும் பேசியிருப்போம். பொறாமை இல்லாத ஊர் ஏது? ஆனால் ஒரு பெண்ணின் பொறாமைக்குக் கப்பலும் கயிறும் கொடுத்தது யார்? பொய் சொன்னது என் வாய். அந்தப் பழி எனக்கு. மனிதரை விற்கும் உரிமையைத் தந்தது சட்டம். அதை மாற்றத்தான் இந்தத் தாள்!

தங்கமான எஜமான் என்கிறீர்களே, என் எஜமானியும் தங்கமானவள்தான். ஒரு பொய் போதுமானதாக இருந்தது.

என் கை அழுக்கான கை. இந்தத் தாளில் அது படலாமா என்று ஆளுநர்தான் சொல்ல வேண்டும்.

எழுந்துவிட்டார்... மேசைக்குப் போகிறார்... மையைத் தொடுகிறார். என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

"நான் மொதல்ல வைக்கிறேன். அடுத்தது நீ வை. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிராத, சிப்போரா."

நினைக்கவில்லை ஐயா. வைக்கிறேன்.

மூன்றாவது யார்? வாருங்கள், வரிசையில் வாருங்கள்! செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கல்லைக் கீழே போட்ட தம்பிக்கும் நன்றி. கரோலினாவின் ஏதோ ஒரு வயலில் குனிந்து நிற்கும் ஃபீபாவுக்கு, இங்கிருந்தே என் வணக்கம்.